உலக அரசியல் நமக்கு எதற்கு?

(தவளக்குப்பத்தில் இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர இயலாத வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



இந்தக் கூட்டத்திற்கு நோட்டீஸ் கொடுத்துக் கொண்டிருந்த போது கடைத்தெருவில் ஒரு சகோதரர் கேட்டார். "வெளிநாட்டுக் கொள்கை, உலக நிலவரம் என்று போட்டிருக்கிறீர்களே! எங்கள் தெருவில் சாக்கடை ஓடுகிறது. அதைப் பற்றிப் பேசக் கூடாதா? அமெரிக்காவும் ஐ.நா.வும் நமக்கு எதற்கு?"

நியாயமான கேள்வி. சாக்கடையைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். ஆனால் உலக அரசியல் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று அவர் நினைக்கிறாரே, அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் இப்படிக் கேட்டால் பொறுத்துக் கொள்ளலாம். புதுச்சேரி மண்ணில் நின்று கொண்டு ஒருவர் இப்படிக் கேட்கலாமா? சற்றே சிந்தித்துப் பாருங்கள்.

நாம் கூடியிருக்கும் இந்த இடத்திலிருந்து வடக்கே சுண்ணாம்பாற்றுப் பாலத்தைத் தாண்டினால் சிறிது தூரத்தில் அரிக்கமேடு. 1945ல் மார்டிமர் வீலர் என்ற ஆய்வாளர் அங்கே தோண்டிய போது ரோமாபுரியிலிருந்து வந்த ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் உலக வியாபாரம் நடந்திருக்கிறது. இது பழைய கதை என்று சொல்வீர்கள். அப்படியானால் நம் பாட்டனார் காலத்துக் கதைக்கு வருவோம்.

வியட்நாமில் போர், புதுச்சேரியில் கொடி

1947ல் நாடு விடுதலை பெற்ற போது இந்தத் தவளக்குப்பத்தில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. தெற்கே சில மைல் போனால் கடலூர். அது இந்தியா. நடுவிலே சுங்கச்சாவடி. 1949ல் இந்திய அரசு சுங்க ஒப்பந்தத்தை முறித்துக் கொண்ட பிறகு எல்லையில் கெடுபிடி இறுகியது. இந்தப் பகுதியில் பிரெஞ்சு ஊரும் இந்திய ஊரும் பின்னிப் பிணைந்து கிடந்ததால் அங்குமிங்கும் சரக்கு கொண்டு போன வியாபாரிகள் பட்ட பாட்டை வயதானவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

பிறகு என்ன நடந்தது? இங்கே சுதந்திரப் போராட்டம் நடந்தது. மில் தொழிலாளர்கள் போராடினார்கள். கிராமங்கள் ஒவ்வொன்றாக இந்தியக் கொடியை ஏற்றின. இவையெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் அதே காலத்தில் வேறொரு இடத்தில் நடந்ததை நாம் கவனிப்பதில்லை.

1954 மே 7 அன்று வியட்நாமில் தியன் பியன் பூ என்ற இடத்தில் பிரெஞ்சு இராணுவம் தோற்றது. ஜூலையில் ஜெனீவாவில் உடன்பாடு ஏற்பட்டு பிரான்ஸ் இந்தோசீனாவை விட்டு வெளியேறும் நிலை வந்தது. ஆசியாவின் பெரும் ஆட்சிப் பரப்பே கையை விட்டுப் போன பிறகு புதுச்சேரியைப் பிடித்துக் கொண்டிருந்து என்ன லாபம் என்று பாரிஸில் கணக்குப் போட்டார்கள். அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இந்தியாவுடன் இணைய 170 பேர் வாக்களித்தார்கள். எதிர்த்தவர்கள் 8 பேர். அக்டோபர் 21ல் டெல்லியில் ஒப்பந்தம். நவம்பர் 1ல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது.

இதோடு முடிந்து விட்டதா? இல்லை. ஆட்சி வந்ததே தவிர சட்டப்படியான உரிமை வரவில்லை. 1956 மே 28ல் இரு நாடுகளும் ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு உடனே ஒப்புதல் தரவில்லை. ஏன்? அப்போது அல்ஜீரியாவில் விடுதலைப் போர் நடந்து கொண்டிருந்தது. ஓரிடத்தை விட்டுக் கொடுத்தால் அடுத்த இடத்தையும் கேட்பார்கள் என்று அங்கே ஒரு கூட்டம் முட்டுக்கட்டை போட்டது. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அடுத்த மாதம், ஆகஸ்ட் 16ல், நம்முடைய ஒப்பந்தத்தின் ஒப்புதல் ஆவணங்கள் பரிமாறிக் கொள்ளப்பட்டன. அன்றுதான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவின் பகுதியானது.

சகோதரர்களே! வியட்நாமின் மலைக்காட்டிலும் அல்ஜீரியாவின் பாலைவனத்திலும் நடந்தவை தவளக்குப்பத்துக் குடியானவனின் குடியுரிமையைத் தீர்மானித்திருக்கின்றன. இதற்குப் பிறகும் உலக அரசியல் நமக்கு எதற்கு என்று கேட்போமா?

ஆறு மாதமும் ஒரு காகிதமும்

அந்த 1956 ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. இங்கே பிறந்து இங்கே வாழ்பவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடிமகனாகவே நீடிக்க விரும்புகிறவர், ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆறு மாதம். ஒரு காகிதம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அண்ணன், தம்பி இருவர். அண்ணன் பிரெஞ்சு இராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். அவருக்கு விவரம் தெரிந்தவர்களோடு பழக்கம் இருந்தது. காகிதத்தை எழுதிக் கொடுத்து விட்டார். தம்பி கடைத்தெருவில் சின்னதாக வியாபாரம் செய்து கொண்டிருந்தார். அவருக்கு அப்படி ஒரு கெடு இருந்ததே தெரியாது. தெரிய வந்த போது கெடு முடிந்து விட்டது. இன்று அண்ணன் பிள்ளைகள் ஒரு நாட்டின் குடிமக்கள், தம்பி பிள்ளைகள் வேறொரு நாட்டின் குடிமக்கள்.

இந்தியக் குடிமகனாக இருப்பது குறை என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அது நமக்குப் பெருமை. அந்தத் தம்பியும் தெரிந்திருந்தால் இந்தியாவைத்தான் தேர்ந்தெடுத்திருப்பாரோ என்னவோ! அவர் பேரன் என்னிடம் சொன்ன ஒரே வருத்தம் இதுதான்: "எங்க தாத்தா முடிவு பண்ணலை ஹஜ்ரத். முடிவு பண்றதுக்கு ஒரு விஷயம் இருக்குன்னே அவருக்கு யாரும் சொல்லலை."

அந்தக் காலத்தில் கடைத்தெருவில் ஒரு மேடை போட்டு, ஒப்பந்தத்தில் இன்னின்ன விதி இருக்கிறது, இத்தனை நாள் கெடு இருக்கிறது என்று ஒருவர் எளிய தமிழில் பேசியிருந்தால் அந்தக் குறை அவர் மனதில் இருந்திருக்காது. உலக விவகாரங்களைப் பற்றிப் பொதுக்கூட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் என்னுடைய முதல் பதில்.

கல்லாப்பெட்டிக்கும் கடலுக்கும்

வியாபாரச் சகோதரர்களுக்கு இன்னும் நெருக்கமாகச் சொல்கிறேன்.

1990 ஆகஸ்ட் 2ல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அப்போது நான் சிறுவன். எங்கள் தெருவில் பல வீடுகளில் குவைத் சம்பாத்தியம். மாதாமாதம் வந்து கொண்டிருந்த டிராப்ட் நின்றது. கடிதமும் நின்றது. ஒரு வீட்டில் அடுப்பு எரிவதற்கு அடுத்த வீட்டிலிருந்து அரிசி போனது எனக்கு நினைவிருக்கிறது. பல வாரங்கள் கழித்து ஒருவர் ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினார். பாலைவனத்தைக் கடந்து, ஜோர்டானில் முகாமில் கிடந்து வந்தவர். கையிலிருந்த தினாரை வாங்க அந்நாளில் ஆளில்லை.

அப்போது ஏறத்தாழ 1,70,000 இந்தியர்களை அம்மானிலிருந்து ஏறக்குறைய 500 விமானப் பயணங்களில் ஏர் இந்தியா கொண்டு வந்து சேர்த்தது. அது எப்படி முடிந்தது? அன்றைய வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் போய் சதாம் உசேனைச் சந்தித்தார். இருவரும் கட்டித் தழுவிய படம் வெளியாகிக் கடும் விமர்சனம் எழுந்தது. ஒரு நாட்டை விழுங்கியவரைத் தழுவலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பாக்தாதோடு பேச்சு அறுந்து போகாமல் இருந்ததால்தான் நம் மக்கள் வெளியே வர வழி திறந்தது என்பதும் உண்மை. வெளிநாட்டுக் கொள்கை என்பது இப்படித்தான். கொள்கையும் இருக்கும், மக்களின் உயிரும் இருக்கும். இரண்டையும் எடை போட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும்.

அந்தப் போரால் எண்ணெய் விலை ஏறியது. வளைகுடாப் பணம் குறைந்தது. நாட்டில் ஏற்கனவே இருந்த கடன் சுமையோடு இதுவும் சேர்ந்து, 1991ல் இரண்டு மூன்று வார இறக்குமதிக்கு மட்டுமே போதுமான அந்நியச் செலாவணி மிஞ்சியது. ரிசர்வ் வங்கியின் தங்கத்தில் ஏறத்தாழ 47 டன்னை விமானத்தில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்தார்கள். நம் வீட்டுப் பெண்கள் கஷ்டம் வந்தால் நகையை அடகு வைக்கிறார்களே, அதை நாடே செய்தது.

இது நின்று விட்டதா? 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. சூரியகாந்தி எண்ணெய் வருவது தடைப்பட்டது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியது. மளிகைக்கடை வைத்திருப்பவர்களே! அந்த மாதங்களில் ஒரு டின் எண்ணெய்க்குக் கொடுத்த விலையை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. பல கப்பல்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. பயணம் பத்து நாட்களுக்கு மேல் கூடியது. கப்பல் வாடகை ஏறியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்திய போது திருப்பூர் பனியன்காரர்களும் ஆம்பூர், வாணியம்பாடி தோல் வியாபாரிகளும் இறால் ஏற்றுமதி செய்பவர்களும் தவித்தார்கள்.

உங்கள் கல்லாப்பெட்டியில் உலகம் கை விடுகிறது. அது யார் கை என்று தெரிந்து கொள்ள வேண்டாமா?

நான் செய்த தவறு

இப்போது இளைஞர்களுக்கு வருகிறேன். இங்கே முதலில் என் குறையைச் சொல்லி விடுகிறேன். அதற்குப் பிறகு உங்கள் குறையைச் சொல்ல எனக்கு உரிமை கிடைக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மேடையில் பாலஸ்தீனம் பற்றிப் பேசினேன். "1992 வரை இந்தியா இஸ்ரேலை அங்கீகரிக்கவே இல்லை. அப்போதுதான் துரோகம் நடந்தது" என்று முழங்கினேன். கூட்டம் தக்பீர் முழங்கியது. எனக்கு மகிழ்ச்சி. கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக் கொண்டிருந்த போது ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். சகோதர சமுதாயத்தவர். "பாய், நல்லா பேசினீங்க. ஒரு விஷயம் மட்டும் சரி பண்ணிக்கோங்க. இஸ்ரேலை இந்தியா அங்கீகரிச்சது 1950 செப்டம்பர்ல, நேரு காலத்துல. 1992ல நடந்தது முழுத் தூதரக உறவு. ரெண்டும் வேற வேற" என்றார்.

எனக்கு முகம் சிவந்து போனது. வீட்டிற்குப் போய்த் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அவர் என்னை மேடையில் மடக்கியிருக்கலாம். தனியாக அழைத்துச் சொன்னார். ஆனால் அந்தக் கூட்டத்தில் இருந்த பல நூறு இளைஞர்கள் என் தவறான தகவலோடு வீட்டுக்குப் போனார்களே, அவர்களுக்கு யார் பதில் சொல்வது? அவர்களில் ஒருவன் கல்லூரியில் அதைச் சொல்லி அவமானப்பட்டிருந்தால் அந்தப் பாவம் யாருக்கு? அடுத்த கூட்டத்தில் மேடையிலேயே என் தவறை ஒப்புக் கொண்டேன்.

அதனால் இன்று உணர்ச்சியோடு அல்ல, கணக்கோடு வந்திருக்கிறேன். பாலஸ்தீனம் தொடர்பாக இந்தியா என்ன செய்தது? குறித்துக் கொள்ளுங்கள்.

1947 நவம்பர் 29. பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் ஐ.நா. தீர்மானம். ஆதரவு 33, எதிர்ப்பு 13. இந்தியா எதிர்த்து வாக்களித்தது.

1950 செப்டம்பர். இஸ்ரேலை இந்தியா அங்கீகரித்தது. 1953ல் மும்பையில் துணைத் தூதரகம் மட்டும் அனுமதிக்கப்பட்டது.

1974. பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அம்மக்களின் பிரதிநிதியாக அங்கீகரித்தது. அரபு நாடல்லாத நாடுகளில் இந்தியாவே முதல்.

1988 நவம்பர். பாலஸ்தீன நாட்டை அங்கீகரித்தது.

1992 ஜனவரி. நரசிம்ம ராவ் ஆட்சியில் இஸ்ரேலோடு முழுத் தூதரக உறவு.

2017 ஜூலை. இந்தியப் பிரதமர் முதன்முறையாக இஸ்ரேல் சென்றார். 2018 பிப்ரவரியில் அதே பிரதமர் ரமல்லாவுக்கும் சென்றார்.

2023 அக்டோபர் 27. காஸா குறித்த ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. டிசம்பர் 12ல் போர் நிறுத்தம் கோரிய தீர்மானத்தை ஆதரித்தது. 2024 செப்டம்பரில், ஆக்கிரமிப்பை முடிக்கக் கோரிய தீர்மானத்தில் ஒதுங்கியது. 2025 ஜூன் 12ல் போர் நிறுத்தத் தீர்மானத்தை 149 நாடுகள் ஆதரிக்க, ஒதுங்கிய 19 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதே ஆண்டு செப்டம்பர் 12ல் இரு நாட்டுத் தீர்வுக்கான தீர்மானத்தை ஆதரித்தது.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் என்ன தெரிகிறது? எல்லாக் காலத்திலும் இந்தியா எதிரி என்பதும் பொய். எல்லாம் பழையபடியே இருக்கிறது என்பதும் பொய். நம் நாடு எந்த இடத்தில் நிமிர்ந்து நின்றது, எந்த இடத்தில் ஒதுங்கியது என்று தேதியோடு சொல்ல முடிகிறது. 2023 டிசம்பரில் போர் நிறுத்தத்தை ஆதரித்த நாடு 2025 ஜூனில் ஏன் ஒதுங்கியது? இந்தக் கேள்வியை எந்த அதிகாரியும் எந்த அமைச்சரும் தட்டிக் கழிக்க முடியாது. வெறும் கோஷத்தைத் தட்டிக் கழிப்பது மிகவும் சுலபம்.

"இந்தியாவில் இருந்து கொண்டு பாலஸ்தீனத்தைப் பேசலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். 1947ல் ஐ.நா.வில் எதிர்த்து வாக்களித்தது இந்தியா. 1981ல் பாலஸ்தீன மக்களுக்கு ஆதரவாக அஞ்சல் தலை வெளியிட்டதும் இந்தியா. இந்த நாட்டின் கொள்கையை இந்த நாட்டுக் குடிமகன் பேசாமல் வேறு யார் பேசுவது?

ஒரே தராசு

ஆனால் இளைஞர்களே, ஒன்றைக் கேளுங்கள். வியாபாரி இரண்டு தராசு வைத்திருந்தால் என்ன சொல்வோம்? வாங்க ஒன்று, விற்க ஒன்று என்றால் மோசடிக்காரன் என்போம். மேடையில் பேசுகிறவனுக்கும் அதே நியாயம்தான்.

காஸாவுக்குக் கண்ணீர் விடும் நாம், 2023 ஏப்ரலில் சூடானில் தொடங்கிய போரைப் பற்றி எத்தனை கூட்டம் போட்டோம்? அங்கே கொல்கிறவனும் முஸ்லிம், கொல்லப்படுகிறவனும் முஸ்லிம். அதனால் கோஷம் எழுப்ப வசதியில்லை. அதுதானே காரணம்? 1990 அக்டோபரில் இலங்கையின் வடபகுதியிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியதை நாம் மறக்கவில்லை. சரி. 2009ல் முள்ளிவாய்க்காலில் கொல்லப்பட்ட தமிழ் மக்களுக்காக நம் மேடைகளில் எத்தனை பேர் பேசினோம்? அநீதி யாருக்கு நடந்தாலும் அநீதி. நமக்கு நடக்கும் போது மட்டும் குரல் கொடுத்தால் அதற்குப் பெயர் நியாயம் அல்ல, இனப்பற்று.

இன்னொன்று. இஸ்ரேல் அரசு செய்வதைக் கண்டிப்பது வேறு. யூதர் என்பதற்காகவே ஒருவரைத் திட்டுவது வேறு. கொச்சியில் யூதர்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த நாடு இது. அந்தப் பெருமையைக் கெடுத்து விடாதீர்கள்.

கைப்பேசியில் ஒரு குழந்தையின் படம் வருகிறது. இரத்தம் கொட்டுகிறது. உடனே பத்துப் பேருக்கு அனுப்புகிறீர்கள். அது வேறு நாட்டில், வேறு ஆண்டில் எடுத்த படம் என்று மறுநாள் தெரிகிறது. அதற்குப் பிறகு உண்மையான படத்தைக் காட்டினாலும் எவனும் நம்ப மாட்டான். பாதிக்கப்பட்டவனுக்கு நீங்கள் செய்த உதவி இதுதானா?

என்ன செய்யலாம்?

பேசினால் எதுவும் மாறுமா என்று கேட்பீர்கள். 1991 ஜனவரியில் வளைகுடாப் போரின் போது அமெரிக்க இராணுவ விமானங்கள் மும்பை போன்ற நம் விமான நிலையங்களில் எரிபொருள் நிரப்பிக் கொள்ள சந்திரசேகர் அரசு அனுமதித்தது. செய்தி வெளியானதும் நாடெங்கும் எதிர்ப்பு. அரசுக்கு ஆதரவு தந்து கொண்டிருந்த காங்கிரசும் எதிர்த்தது. பிப்ரவரியில் அந்த அனுமதி நிறுத்தப்பட்டது. மக்கள் கருத்து வெளியுறவுக் கொள்கையைத் தொட முடியும் என்பதற்கு இதை விட வேறு சான்று வேண்டாம்.

ஆனால் யாரிடம் கேட்பது என்று தெரிந்து கேட்க வேண்டும். வெளிநாட்டு விவகாரம் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. முதலமைச்சர் வீட்டு முன்னால் நின்று ஐ.நா. வாக்கெடுப்பைப் பற்றிக் கத்திப் பயனில்லை. புதுச்சேரிக்கு மக்களவையில் ஓர் உறுப்பினர், மாநிலங்களவையில் ஓர் உறுப்பினர் இருக்கிறார்கள். அவர்கள் வெளியுறவு அமைச்சரிடம் கேள்வி கேட்கலாம். அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பதில் பதிவாகிறது. நம்மில் எத்தனை பேர் நம் உறுப்பினருக்கு ஒரு கடிதமாவது எழுதியிருக்கிறோம்? வளைகுடாவில் சம்பளம் கிடைக்காமல் தவிக்கும் நம் ஊர்ப் பையனுக்காகவும், காஸாவில் பட்டினி கிடக்கும் குழந்தைக்காகவும் அதே உறுப்பினரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆகவே மூன்று வேலைகளை உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

ஒன்று, மாதம் ஒரு முறை கூடுங்கள். ஒரு நாட்டையோ ஒரு ஒப்பந்தத்தையோ எடுத்துக் கொண்டு, தேதியும் ஆண்டும் சரி பார்த்து ஒருவர் பேசட்டும். அடுத்தவர் கேள்வி கேட்கட்டும். சகோதர சமுதாயத்து ஆசிரியர்களையும் அழையுங்கள்.

இரண்டு, சந்தேகமான செய்தியை அனுப்பாதீர்கள். அனுப்பியது தவறு என்று தெரிந்தால், அனுப்பிய அத்தனை பேருக்கும் அதைச் சொல்லுங்கள்.

மூன்று, ஆண்டுக்கு ஒரு கேள்வியாவது நம் நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக டெல்லிக்குப் போக வேண்டும். தவளக்குப்பத்திலிருந்து போக வேண்டும்.

இந்த உரை முடிந்ததும், நோட்டீஸ் கொடுத்த போது கேள்வி கேட்ட அந்தச் சகோதரர் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கொண்டிருந்ததைப் பார்த்தேன். "ஹஜ்ரத், சாக்கடைக்கும் ஒரு கடிதம் எழுதிடலாமா?" என்று சிரித்தார். தாராளமாக எழுதலாம். அதற்குக் கொம்யூன் பஞ்சாயத்துக்கு எழுத வேண்டும். காஸாவுக்கு டெல்லிக்கு எழுத வேண்டும். எதற்கு யாரிடம் எழுத வேண்டும் என்று தெரிந்த சமுதாயத்தை எவரும் ஏமாற்ற முடியாது.